திட்டாத டாக்டர்

எனக்கு ஐந்து மொழிகளில் திட்டு வாங்கத் தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்தி. இவற்றில் மூன்றில் திருப்பிக் கொடுக்கவும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தால் மாத்திரை வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் கொடுத்ததில்லை.

ஏழாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சைக்குக் கிளம்பியவன், பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் காலியாக நிற்பதைப் பார்த்து ஏறிவிட்டேன். சன்னல் ஓர இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு போர்வெல் வண்டி, பேக்கரி, லாரி, புரோட்டாக் கடை என்று நாலைந்து மாநிலம் சுற்றினேன். ஒரே ஊரில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். போன இடங்களில் ஏதோ ஒன்றில் எச்.ஐ.வி.யும் கூட வந்து சேர்ந்தது. எந்த இடம் என்று கேட்டால் தெரியாது. காய்ச்சல் விடாமல் அடித்து, ஒரு லாரி ஷெட்டில் மூன்று வாரம் கிடந்து, எடை முப்பத்தெட்டுக் கிலோவுக்கு இறங்கிய பிறகு ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு வேளை மாத்திரை. பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது அறுபத்தாறு கிலோ. உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

திட்டைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. மாத்திரை இலவசமாகக் கொடுக்கும் இடங்களில் எல்லாம் திட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒருநாள் தாமதமாகப் போனால் திட்டு. ஒருநாள் முன்னதாகப் போனால் அதற்கு வேறு திட்டு. நாளாக ஆக எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. டாக்டர் திட்டுகிறவரைக்கும் பயமில்லை. ஒரு ஊரில் பக்கத்துக் கட்டில் ஆளைத் தினமும் பீடி குடிப்பதற்காகத் திட்டிக்கொண்டிருந்த டாக்டர், ஒருநாள் காலையில் அவர் தோளைத் தொட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். இதை நான் மட்டும் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். எங்கள் சீமையில் எல்லோருக்குமே இது தெரியும் என்று பிறகுதான் புரிந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் திரும்பி வந்தேன். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு மருந்து மையம் இருந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. நாலு அறை, ஒரு ஹால். ஹாலில் போட்டிருந்த பெஞ்சு எங்களுக்கும் பக்கத்தில் இருந்த பல் டாக்டருக்கும் பொது. வேலைக்குக் கல்யாணச் சமையல் செட்டு ஒன்றில் சேர்ந்துகொண்டேன். காய் நறுக்குவது என் பொறுப்பு. ஆயிரம் இலைப் பந்திக்கு வாழைக்காய் நறுக்கினால் விரல் மூன்று நாளைக்குக் கறுப்பாக இருக்கும். அதைத் தவிர நல்ல வேலை.

செட்டுக்குத் தலைவர் ஒரு மாஸ்டர். அறுபதை நெருங்குகிறவர், மனைவி போய்ச் சேர்ந்து தனியாக இருந்தார். சமையல்கட்டில் அவர் வாய் ஓயவே ஓயாது. உப்பு கூடினால் திட்டுவார், அடுப்பு புகைந்தால் திட்டுவார், எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகப்பட்டுத் திட்டுவார். சேர்ந்த இரண்டாம் மாதம் மையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் அவர் இருந்தார்.

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தோம். பிறகு அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பல்லுடா தம்பி, கடவாய்ப் பல்லு என்றார். நானும் உடனே கன்னத்தில் கையை வைத்து, எனக்கும் அதேதாண்ணே என்றேன். உள்ளே இருந்து சிஸ்டர் முதலில் அவரைக் கூப்பிட்டார், அடுத்து என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பல் டாக்டர் கதவைத் தாண்டி எங்கள் கதவுக்குள் போனோம். வெளியே வந்த பிறகும் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டு பஸ் ஏறினோம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அவர் முன்னால் நான் முறுக்குக் கடித்ததே இல்லை. அவரும் பொரித்த அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்துத்தான் தின்றார். தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். அதற்கு மேல் பேச அதில் ஒன்றுமில்லை.

மையத்துச் சிஸ்டர் இந்தப் பக்கத்து அம்மாதான். தங்கமான மனுஷி. மாத்திரை தீர்ந்து போய்ப் பக்கத்து மாவட்டத்தில் இருந்து வரவழைக்க ஒரு நாள் முழுக்கப் போன் பேசியவர். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டு ஆள் என்று விசாரித்து முடிக்காமல் அவரால் வேலையைத் தொடங்க முடியாது. எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. விசாரிக்காமல் விட்டால் அவமானப்படுத்தியதாக அர்த்தம். இதையே ஹாலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் மாஸ்டரை அப்படித்தான் பிடித்துக்கொண்டார். சிஸ்டரின் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் மாஸ்டர் சமைத்திருந்தாராம். அண்ணே, நீங்க செஞ்ச கவுனி அரிசி இன்னும் நாக்குலயே நிக்குது, அடுத்த மாசம் எங்க விசேஷத்துக்கும் நீங்கதான் வரணும் என்று ஜன்னலுக்குள் இருந்து முழங்கினார். ஹாலே திரும்பிப் பார்த்தது. பல்லுக்கு வந்திருந்த ஓர் அம்மாள், எந்தக் கல்யாணம் என்று கூடவே விசாரிக்கத் தொடங்கினார். மாஸ்டர் கன்னத்தில் கையை வைக்கக்கூட மறந்துபோய் நின்றார்.

அதோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார். கல்யாண வீடுகளுக்குத் தெரிந்தால் அவர் கை பட்ட சோற்றை யாரும் தொட மாட்டார்கள். சோற்றில் இந்தக் கிருமி பரவாது, கூட உட்கார்ந்தாலும் தொட்டாலும் பரவாது. இதையெல்லாம் மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மையத்துச் சுவரைப் படிப்பதில்லை.

எட்டு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். அண்டாவைத் தனியாகத் திருப்புகிறவர் ஆள் கூப்பிட ஆரம்பித்தார். எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது, திட்டு குறைந்ததுதான். ஒருநாள் சாம்பாரில் நான் கத்தரிக்காயைக் காம்போடு போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு, சரி விடு என்றார்.

இந்தச் சமயத்தில்தான் மையத்துக்குப் புது டாக்டரம்மா வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், வயது முப்பதுக்குள். வந்த கையோடு சிவகங்கையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், செங்கல் தடிமனில் ஒரு கையேட்டோடு திரும்பினார். நோயாளிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான விதிமுறைகள். அதில் ஒரு விதி, மையத்தை மேம்படுத்தும் குழுவில் நோயாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது. யாருக்கு வாய் அதிகம் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். சிஸ்டர் யோசிக்காமல் என்னைக் கை காட்டிவிட்டார்.

ஆக, டாக்டர், சிஸ்டர், நான் என்று மூன்று பேர் கொண்ட குழு. எனக்கு ஒரு நாற்காலியும் பேனாவும் கொடுத்தார்கள். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு என்னை எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கையேட்டில் நல்ல விஷயங்கள் இருந்தன. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, டோக்கன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஹாலில் எதுவும் விசாரிக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். இதைக் கேட்டதும் நான் பேர் சொல்லாமல் கவுனி அரிசி விஷயத்தை எடுத்துவிட்டேன். சிஸ்டருக்கு முகம் வாடிப் போயிற்று. நான் பாசமாத்தானே கேட்டேன் என்றார். பாசந்தாங்கக்கா, ஆனா முப்பது பேருக்குக் கேக்குற பாசம் என்றேன். அவர் அரைமணி நேரம் மாத்திரை டப்பாக்களை அடுக்கினார். பிறகு, நோயாளிகளை மரியாதையாக வரவேற்க வேண்டும் என்ற விதிக்காக வாசலில் மேசை போட்டுப் பன்னீர், சந்தனம், கற்கண்டு வைக்கலாமா என்று கேட்டார். நெற்றியில் சந்தனத்தோடு வெளியே போகிறவரை ஊரே பார்க்கும் என்பதை டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

அதைவிடக் கஷ்டம், கேள்வி கேட்கிற பயிற்சி. வருகிறவரின் உறவுகளைப் பற்றி முகம் சுளிக்காமல், தப்பு ரைட்டு சொல்லாமல் கேட்க வேண்டும் என்பது விதி. பழையபடி, தப்புத்தண்டா எதுக்கும் போனீகளா என்று கேட்கக் கூடாது. பயிற்சிக்கு நான்தான் நோயாளியாக நடித்தேன். நோயாளியாகவே இருக்கிறவன் நோயாளியாக நடிப்பது சுலபம் என்று நினைத்தேன். சுலபமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்து, உங்களுடைய உடலுறவு ஆண்களோடா, பெண்களோடா, இருவரோடுமா என்று கேட்டார். காலண்டரில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் இருந்தார். சாமிய ஏங்க்கா கேக்குறீக, என்னையப் பாத்துக் கேளுங்க என்றேன். சிஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். காலண்டரைப் பல் டாக்டர் அறைக்கு மாற்றிய பிறகுதான் பயிற்சி தொடர்ந்தது. ஆணுறை என்ற சொல் அவர் வாயில் வர நாலு நாள் ஆயிற்று. அதுவரை 'அந்தச் சாமான்' என்றுதான் இருபது வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்த பிறகு நிறுத்தவே முடியவில்லை. டீ கொண்டு வந்தவரிடமும் அதன் அவசியத்தை எடுத்துச் சொன்னார்.

விதிகளிலேயே டாக்டருக்கு மிகவும் பிடித்தது ஒன்று. நோயாளியைத் திட்டக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. மாத்திரையை விட்டுவிட்டு வந்தவரைக் குற்றவாளி போல நடத்தக் கூடாது. நிலவரத்தைச் சொல்லி, முடிவை அவரிடமே விட வேண்டும். திட்டுக்குப் பயந்து வராமல் இருக்கிறவர்கள்தான் அதிகம் என்றார் டாக்டர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லாம் ஒரு மாதிரி பழகிய பிறகு நான் மாஸ்டரிடம் போனேன்.

பல்லை விட்டுவிட்டு நேராகப் பேசியது அன்றுதான். அண்ணே, அங்க எல்லாம் மாறிப் போச்சு, பேர் சொல்ல மாட்டாக, ஊர் கேக்க மாட்டாக, நான் கமிட்டியில இருக்கேன் என்றேன். கமிட்டியில் நான் இருப்பதுதான் அவருக்குக் கவலையாக இருந்தது. இருந்தாலும் வந்தார்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சிஸ்டர் ஜன்னலில் அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. டோக்கன் பதினேழு என்று மட்டும் சொன்னார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன ஆகச் சின்ன வாக்கியம் அது. உள்ளே மாஸ்டருக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். டாக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னாராம். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தவர் முகம் வெளிறியிருந்தது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பத்து நாளில் முடிவு வரும், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பஸ்ஸில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. குழு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பத்தாவது நாள் கண்டனூரில் ஒரு கல்யாணம். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் உள்ள வீடு. விசேஷத்துக்கு மட்டும் திறப்பார்கள். பின்கட்டில் அடுப்பு மூட்டிவிட்டு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பேப்பர் இருக்கா என்றார். காய்கறிப் பட்டியலின் பின்பக்கத்தைக் காட்டினேன். தன்னுடைய மசாலாக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். வத்தல் இவ்வளவு, மல்லி இவ்வளவு, கல்பாசி எந்த இடத்தில் எவ்வளவு. இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் ஒளிந்து நின்று பார்த்தும் பிடிபடாத கணக்கு. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுக்க எழுதிக்கொண்டேன். எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான், இதை ஏன் இவர் சொல்கிறார் என்று உறைத்தது. சமையல்காரர்கள் மசாலாக் கணக்கை உயிரோடு இருக்கும்போது சொல்வதில்லை.

என்னண்ணே என்றேன்.

"என் கதை முடிஞ்சு போச்சுடா. அந்த டாக்டரம்மாவே சொல்லிட்டாக."

"என்னன்னு சொன்னாக?"

"ஒண்ணுமே சொல்லலடா. அதத்தான் சொல்றேன். எட்டு மாசம் மாத்திரை போடாத ஆளு நானு. ஒரு வார்த்தை ஏசல. எந்திரிச்சு நின்னு கும்பிடுறாக. வந்ததுக்கு நன்றிங்கிறாக. மாத்திரையக் கையில குடுத்து, முடிவு உங்களோடதுங்கிறாக. அதுக்கு என்னடா அர்த்தம்? தின்னாலும் ஒண்ணுதான், திங்காட்டியும் ஒண்ணுதான். அந்தச் சிஸ்டரு ஊரு உலகமெல்லாம் விசாரிக்கிற பொம்பள, என்னையப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிருச்சு. பாவமா இருந்திருக்கும்."

மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடியே திறக்கவில்லை. பத்து நாள் போட வேண்டிய மாத்திரை அப்படியே இருந்தது.

நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கையேடு, விதி, பயிற்சி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உன்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருப்பாக, நீ சின்னப் பய என்றார். எனக்கு நாற்பத்து நாலு வயது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மையத்தில் நின்றேன். டாக்டர், நம்ம மரியாதையால ஒருத்தர் செத்துக்கிட்டு இருக்காரு என்றேன். யார் என்று சொல்ல வாயெடுத்தபோது டாக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேற ஒருத்தரைப் பத்தி நான் உங்ககிட்டப் பேசக் கூடாதுங்க. அப்படி ஒருத்தர் இங்க வர்றாரா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது."

அந்த விதிக்குக் குழுவில் கையைத் தூக்கியவனே நான்தான். அதனால், எங்கோ ஒரு ஊரில் ஒரு ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். டாக்டரும் வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்குத் திட்டாத டாக்டரைப் பார்த்தால் சாவு நிச்சயம் என்று தோன்றுவதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நிஜமாவாங்க என்றார். சிஸ்டர் பீரோப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், நெசந்தான் டாக்டர், எங்க மாமனாரும் அப்படித்தான் நினைச்சாரு, டாக்டர் சிரிச்ச அன்னைக்கே பத்திரத்த மாத்தி எழுதிட்டாரு என்றார். மாமனார் இப்போது எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். நல்லா இருக்காரு, பத்திரம் மாறுனதுதான் பிரச்சினை என்றார் சிஸ்டர்.

டாக்டர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில், அப்படி ஒரு ஆள் இருந்தா அவரை வரச் சொல்லுங்க, ரிசல்ட் வந்திருக்கும் என்றார்.

மாஸ்டர் வர மறுத்துவிட்டார். எதுக்கு, இன்னொருக்க நாற்காலி போட்டு உக்கார வைக்கவா என்றார். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"அந்தச் சிஸ்டரு உங்க மேல கொலவெறியில இருக்காக. பத்து நாள் மாத்திரை போடலன்னு தெரிஞ்சு போச்சு. வரட்டும், நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்னாக."

மாஸ்டர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. நெசமாவா, அப்படியா சொன்னாக என்றார். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். திட்டு வாங்குவதற்காக அவ்வளவு சீக்கிரம் கிளம்பிய மனுஷனை நான் எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை.

என்னைக் கூட வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் மாஸ்டரிடம் கேட்டார். இருக்கட்டும், இவந்தான் எல்லாத்துக்கும் காரணம் என்றார் மாஸ்டர். டாக்டர் ரிசல்ட்டை விளக்கினார். ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கிறது. ஆனால் காசநோய் இல்லை, நுரையீரல் சுத்தம். இன்றே மாத்திரையைத் தொடங்கி விடாமல் போட்டால் பழையபடி வந்துவிடலாம். எல்லாம் தெளிவாக, இதமாகச் சொன்னார். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, பாத்தியா என்பது போலப் பார்த்தார். இதமாகச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் நாற்காலியில் ஒரு அங்குலம் இறங்கினார்.

டாக்டருக்கும் அது தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்ககிட்டக் கொஞ்சம் கண்டிப்பாப் பேசலாங்களா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் தாயி என்று மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.

"நீங்க மாத்திரையை நிறுத்தினது... அவ்வளவா சரியில்லைங்க."

மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதானா என்றார்.

அப்போது பீரோப் பக்கம் நின்றிருந்த சிஸ்டர் போய், சாத்தியிருந்த கதவை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் இழுத்து மூடினார். மாஸ்டர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெளியே ஒரு எழுத்தும் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கிசுகிசுவென்று ஒரு ஆளை இவ்வளவு திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எட்டு மாசமா எங்க போனீக? ஆயிரம் இலைக்கு ஆக்கிப் போடத் தெரியுது, ஒரு மாத்திரைய முழுங்கத் தெரியலையா? கேக்க ஆளில்லைன்னு நினைச்சீகளா? சாகப் போறேன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நான் சொன்னேனா? இந்த டாக்டரு சொன்னாகளா? நீங்களா ஒண்ண நினைச்சுக்கிட்டு, நீங்களா சாவீகளோ?"

மாஸ்டர் நாற்காலியில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தார். டாக்டர் கையேட்டின் மேல் கையை வைத்து மூடியபடி சுவரைப் பார்த்தார்.

"அப்ப நான் பிழைச்சுக்கிருவேனா?" என்று மாஸ்டரும் கிசுகிசுத்தார்.

"பிழைக்காதவகள ஏசி எனக்கென்ன வேலை?"

பிறகு சிஸ்டர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அன்னைக்கு ஹால்ல வச்சு உங்க தொழிலப் பத்திப் பேசுனேன். அது என் தப்பு. நீங்க வராமப் போனதுக்கு நாந்தான் காரணம். என்னைய ஏசணும்னா ஏசிக்கங்க. கதவு சாத்தித்தான் இருக்கு."

சமையல்கட்டில் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் திட்டுகிற மனுஷன், வாயைத் திறந்தார். மெதுவாக ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எனக்குச் சோறு போடுற ஊரு தாயி அது."

"தெரியும்ணே."

அவ்வளவுதான் அவர் திட்டியது. டாக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். மாஸ்டர் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து எல்லோரும் பார்க்க முழுங்கினார். பிறகு, இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டார். போன தடவையே சொன்னேனுங்களே என்றார் டாக்டர், கொஞ்சம் குரலை உயர்த்தி. மாஸ்டருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைக் கையேட்டில் எப்படிச் சேர்ப்பது என்று தகராறு வந்தது. சம்மதம் வாங்கிக்கொண்டு திட்டலாம் என்று எழுதச் சொன்னேன். சிவகங்கைக்கு அனுப்பினால் சிரிப்பார்கள் என்றார் டாக்டர். கடைசியில் அவரே ஒரு தாளில் எழுதினார்: 'நாம் மென்மையாகப் பேசுவதை நோயாளி எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை, அவர் எழுந்து போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.' சிஸ்டர் அதை உள்பக்கக் கதவில் ஒட்டினார். இப்போது வருகிறவர் எல்லோரிடமும் கடைசியில் கேட்கிறார்கள், நாங்க சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுச்சு என்று. கேட்டால் அதிசயமான பதில்கள் வருகின்றன. ஒருவர் மாத்திரையை நிலா பார்த்துப் போட வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தார். இத்தனை வருஷமாக யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து மாஸ்டருக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். அன்று நானும் என் மாத்திரைக்குப் போயிருந்தேன். அவர் உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார். ஒற்றை ஆளாகவே அண்டாவைத் திருப்பத் தொடங்கியிருந்தார், பெல்ட்டும் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருந்தது. இருந்தும் முகத்தில் கலவரம்.

கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, இப்படியே விடாமல் மாத்திரை போட்டால் உடலுறவு மூலமாகக்கூட யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன புரிந்தது என்று விதிப்படி கேட்டுமிருந்தார். மாஸ்டர் அதற்குப் பதில் சொல்லாமல், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"கிருமியக் காணோம்கிறாக. இது மரியாதைக்குச் சொல்றதா, நெசமாவே சொல்றதா?"

"நெசந்தாண்ணே," என்றார் சிஸ்டர். "போயி அடுத்த மாச மாத்திரைய வாங்குங்க. வரிசையில ஆளு நிக்குது."